பக்கத்துத் தெருக்காரிக்காக அம்மா கேட்ட கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரை மாதம். வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு எங்கள் தெருவே காப்புக் கட்டிக்கொண்டிருந்தது. அதுவரை வருடம் தவறாமல் தீச்சட்டி எடுத்துவந்த என் அம்மா, முந்தைய வருடத்தைப் போலவே அந்த வருடமும் காப்புக் கட்டவில்லை. "முட்டி வலிக்குதுத்தா" என்றார். திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர். நானும் நம்பிவிட்டேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. கூட வேலை பார்த்த தோழி எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்குமாம். நானும் போடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன், அவ்வளவுதான்.

"கல்யாணமாகாத புள்ளைக்கு கர்ப்பப்பை ஊசியா? நாலு பேரு என்ன பேசுவாக?" என்று அம்மா குதித்தார். எனக்கும் வாய் நீளம். இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், தனியாக அனுப்ப மனமில்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நர்ஸக்கா நல்ல பொறுமைசாலி. நான் கேட்டுக் குடைந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே போடலாமா? அப்போது போட்டால்தான் பலன் அதிகம் என்றார். பின்னால் பிள்ளை பிறப்பதில் சிக்கல் வருமா? அதெல்லாம் வராது. ஊசி மட்டும் போதுமா? போதாது, முப்பதைத் தொட்டதும் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும், ஏற்கெனவே உடம்பில் இருக்கிற கிருமியை ஊசி விரட்டாது என்றார்.

அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மா மெதுவாக வாயைத் திறந்தார்.

"எங்க பக்கத்துத் தெருவுல ஒருத்தி இருக்கா. மாசாமாசம் வர்ற தூரம் நின்னு நாலஞ்சு வருசமாச்சு. போன வருசத்துலருந்து அப்பப்ப ரத்தம் படுது. ஆத்தாளுக்கு ஏதோ குத்தம் செஞ்சுட்டோம்னு பயந்து யார்ட்டயும் சொல்லல. இந்தச் சோதனையில அது தெரியுமா?"

நர்ஸக்கா கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார். "சாமி குத்தமெல்லாம் இல்லக்கா. நின்னதுக்கப்புறம் பட்டா உடனே டாக்டரம்மாட்ட காட்டணும். அவுக எங்கன இருக்காக?"

அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார். "இங்கனதான் உக்காந்திருக்கா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரத்தம் பட்டால் காப்புக் கட்டக் கூடாது. முட்டி வலி என்று சொன்னது அதற்காகத்தான். நர்ஸக்கா அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். டாக்டரம்மா பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, "அம்புட்டுத்தேன்க்கா, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

புற்றுநோய்தான். நல்லவேளை, தொடக்க நிலை. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அன்று போடாமல் விட்ட என் ஊசியை நானே மறந்திருந்தேன். நடமாடத் தொடங்கிய அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் போட வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் ஒரு ஊசிக்காக அத்தனை கேள்வி கேட்ட நான், தினமும் ராத்திரி பக்கத்திலேயே படுத்துத் தூங்கிய அம்மாவிடம் அந்த ஒரு வருடத்தில் "உனக்கு என்னம்மா செய்யுது?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லையே என்பது இன்றும் என்னைச் சுடுகிறது.