முக்கால் இஞ்ச் இறக்கம்

"இழு, இழு, இழு" என்று நீச்சல் குளத்தின் ஓரத்தில் நடந்துகொண்டே கத்துகிறார் டெய்லர். கழுத்தில் இஞ்ச் டேப். கடையிலிருந்து ஓடி வரும் அவசரத்தில் கழற்ற மறந்தது. கையில் ஸ்டாப் வாட்ச். அதை மட்டும் எங்கேயும் மறக்கமாட்டார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தாலும் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளித்தான் நடப்பார். "தண்ணின்னா நமக்கு ஆகாது சார்" என்று, கடைசி வரிசையில் தத்தளித்துக்கொண்டிருக்கும் என்னிடமே பெருமையாகச் சொல்வார்.

தண்ணீருக்குள் இருப்பது அவருடைய மகள். பதினைந்து வயது. அவள் வேகமாக நீந்தி முடித்தால், "நாங்க முப்பத்திரண்டு செகண்டுல முடிச்சோம் சார்." ஒரு செகண்டு கூடிவிட்டால், "அவளுக்கு அக்கறையே இல்ல சார்." ஜெயித்தால் இரண்டு பேர், தோற்றால் அந்தப் பெண் மட்டும். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ.

தொழிலில் மனுஷன் புலி, அதை மறுக்க முடியாது. கடைக்குள் ஆள் நுழையும்போதே, "இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், பை மாட்டுற பக்கமா சார்?" என்பார். டேப்பை எடுப்பது அதற்கப்புறம்தான், சும்மா ஒரு மரியாதைக்கு. பத்து வருடமாக என் சட்டைகள் அவர் கைவேலை. அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு இரண்டு மாதமாக மகளின் வலது தோள் மட்டும் தெரியவில்லை. "கை தலைக்கு மேல போகலப்பா" என்று அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "போகப் போகச் சரியாயிடும். வலிக்குதுன்னு நெனச்சா வலிக்கும்" என்றார். வலி யாருடைய தோளில் இருக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. என் கோழைத்தனத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஆறு வாரம் நீந்தவே கூடாது, மீறினால் பிறகு தலைவாரக்கூடக் கை தூக்க முடியாமல் போகலாம் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு, டெய்லர் துணி வெட்டும் மேஜையில் கிடக்கிறது. அதன் பின்பக்கத்தில் யாருடைய பேன்ட் அளவோ எழுதியிருக்கிறது.

நடுவில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பாவம்தான், ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான்கு நாள் அவர் மனைவி மகளைக் கூட்டிவந்தார். "உனக்கு என்ன தோணுதோ பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். பெண் கையை அசைக்காமல் மல்லாந்து மிதந்தாள். காலை உதைத்து அம்மாவை நனைத்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்தாம் நாள் "இழு, இழு" திரும்பி வந்துவிட்டது.

நேற்று என் சட்டையை வாங்கிவரக் கடைக்குப் போனேன். மகளின் நீச்சல் போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது; பரிசு மேடையில் போட்டுக்கொள்ளக் கோட் தயார். மகளை நிறுத்தி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு யாருக்கென்று நடுவர்களுக்குத்தான் இன்னும் தெரியாது. கோட்டின் வலது பக்கம் சுருங்கித் தொங்கியது.

"தையல்ல தப்பில்லங்க, அவ தோளைப் பாருங்க" என்றார் மனைவி. "டாக்டர் சொன்னது இதைத்தான். இந்தப் போட்டி வேணாங்க."

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"முக்கால் இஞ்ச்" என்றார், மெதுவாக.

அப்பாடா, பார்த்துவிட்டார். எனக்கே அவர்மேல் கொஞ்சம் மனம் இளகியது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பஞ்சுப் பட்டையை எடுத்தார். கோட்டின் வலது தோளுக்குள் அதைச் செருகி, இரண்டு பக்கமும் சமமாகும்வரை சரிசெய்து, குண்டூசி குத்தினார்.