மாமாவின் காற்றுக் குழாய்

திருமுடிவாக்கத்தில் மாமா வேலை பார்த்த பட்டறையை மூடியபின் எங்கள் அஸ்தினாபுரம் வீட்டில் ஒருவருக்கும் நிலைகொள்ளவில்லை. அம்மாவின் தம்பி அவர். காலையில் எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பார். அம்மா சாதத்தைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்துவிடுவாள்.

ஒருநாள், தானே வளைத்துப் பற்றவைத்த குழாய் ஒன்றை, முனையில் கூம்பு ஃபில்டரோடு எங்கள் கார் இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் மாட்டினார். கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் டப்பா பரணுக்குப் போனது.

"இன்ஜின் இனிமே ஃப்ரீயா மூச்சு வுடும்க்கா. மைலேஜ் எப்படி ஏறுது பாரு" என்றார். ஏறியது சத்தம்தான். தெரு நாய்களெல்லாம் எழுந்து நின்றன. காற்று அதிகம் போனால் பெட்ரோலையும் அதிகம் விட்டுச் சரிக்கட்டிவிடும் வண்டி அது, குழாயால் மைலேஜ் ஏறாது என்பதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது.

இதையே தொழிலாகச் செய்ய எங்கள் கார் ஷெட்டைக் கேட்டார் மாமா.

"மைலேஜ் ஏறினா ஷெட்டை எடுத்துக்கோ" என்றார் அப்பா. "ஏறலன்னா நான் சொல்ற குடோன் வேலைக்குப் போயிடணும். வண்டியை நான்தான் ஓட்டுவேன். நீ பங்க்ல நில்லு."

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற மிதி குரோம்பேட்டைக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை டேங்கை வழிய நிரப்பிக்கொண்டு வண்டலூர்வரை போய்வரக் கிளம்பினோம். நான் பின் சீட்டில். அப்பா ஏசி போடவில்லை. கேட்டதற்கு, "பேசாம உக்காரு" என்றார். ஹாரன் அடிக்கவில்லை. ஷேர் ஆட்டோக்கள்கூட எங்களை முந்தின; அப்பா யாரையும் திட்டவில்லை. தாம்பரம் சிக்னலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். சட்டை முதுகில் ஒட்டியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமாமேல் இவ்வளவு கோபமா என்று அழுகை அழுகையாக வந்தது.

பங்க்குக்குத் திரும்பி வந்து மறுபடி டேங்கை நிரப்பினால், மைலேஜ் ஏறியிருந்தது. மாமா செல்போனில் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "நான் சொல்லல, மாமா?" என்று அப்பாவிடம் செல்போனை நீட்டினார்.

"சரி சரி, போய் ஷெட்டைக் கூட்டு" என்றார் அப்பா. மாமா பைக்கில் பறந்தார்.

அவர் தலை மறைந்ததும் அப்பா ஏசியை முழுசாகத் திருகினார். ஆக்ஸிலேட்டரில் ஒரே மிதி. முன்னால் போன ஆட்டோக்காரரை ஹாரன் அடித்து விரட்டி, பற்றாததற்குக் கண்ணாடியை இறக்கித் திட்டவும் செய்தார். ஒருவழியாக அப்பாவுக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்து, நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.