வைஸில் பூட்டிய கைத்துப்பாக்கி

எங்கள் குடும்பத்தில் யார் எதை வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பேரம் பேசுவதற்கு அல்ல, அதில் நான் படு மோசம். பொருளைப் பார்ப்பதற்கு. சைக்கிள் என்றால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ரிம் கோணுகிறதா என்று பார்ப்பேன். குக்கர் என்றால் கடையிலேயே தண்ணீர் ஊற்றி, மூடியைப் பூட்டி, தலைகீழாகக் கவிழ்ப்பேன். கடைக்காரர் முகம் மாறும். கூட வந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்று வேறு யாரோ போலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் அடுத்த முறை கூப்பிடத் தவறுவதில்லை.

அப்படித்தான் மதினியும் கூப்பிட்டார். "தம்பி, ஞாயித்துக்கெழமை ஒரு வேலையும் வச்சுக்காதீங்க. ஒரு பிஸ்டல் வாங்கணும், வந்து பாருங்க."

மதினி என் அண்ணனின் மனைவி. பசுமலையில் ஒரு பள்ளியில் வணிகவியல் ஆசிரியை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் பள்ளி மாணவிகளை ஒரு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். பிள்ளைகள் சுட்டு முடிக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு கைத்துப்பாக்கியை எடுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவரை வீட்டில் பார்க்க முடியாது.

இது காற்றுத்துப்பாக்கி. ஈயக்குண்டு, பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை, ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். லைசென்ஸ் தேவையில்லை, அடையாள அட்டையின் நகல் போதும். மாவட்டப் போட்டியில் மூத்தோர் பிரிவு உண்டு. அதில் ஒரு குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தொட்டால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். போன வருடம் கிளப் துப்பாக்கியை வாங்கிச் சுட்டு, கொஞ்சத்தில் தவறவிட்டார். இந்த வருடம் கிளப்பில் இருக்கும் இரண்டு துப்பாக்கிகளும் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று முடிவாகிவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கினால் போட்டி, இல்லாவிட்டால் மறுபடியும் பெஞ்சும் விடைத்தாளும். போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

கையில் இருந்தது அவர் சீட்டு எடுத்த பணம். நல்ல வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றின் விலைக்கு ஒரு பழைய கார் வாங்கிவிடலாம், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடியாது. உள்நாட்டில் செய்த மலிவு வகைகளில் எது உருப்படி என்று சொல்வதுதான் என் வேலை.

கடை விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. பூட்டு, டார்ச் லைட், கத்தரிக்கோல், எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கண்ணாடி அலமாரியில் காற்றுத்துப்பாக்கிகள். கடைக்காரரான பாய்க்கு என் வயதுதான் இருக்கும். அவரும் அதே கிளப்பில் சுடுகிறவர், அவரிடம் அந்தப் பழைய கார் விலைத் துப்பாக்கி இருக்கிறது. எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, ஒரு பச்சைத் துணியை விரித்து மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தார்.

முதலாவது வெள்ளி போலப் பளபளத்தது. குறி பார்ப்பதற்கான பின்பக்கக் குறிமுனையை நகத்தால் லேசாகத் தட்டினேன், ஆடியது. பளபளப்பை வைத்துச் சுட முடியாது. குறிமுனை ஆடினால் நேற்றுச் சுட்ட இடத்தில் இன்று படாது. அதைத் துணியை விட்டு வெளியே நகர்த்தி வைத்தேன். ஒரு சொட்டுப் பசை விட்டால் நின்றுவிடும் என்று பாய் சொல்லிப் பார்த்தார். பசையை நம்பித் துப்பாக்கி வாங்குகிறதில்லை என்றேன்.

இரண்டாவது அழகு. நீலம் பாரித்த இரும்பு, செதுக்கிய மரப்பிடி. பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோலை ஒரு தடவை இழுத்து மூடினால் காற்று உள்ளே அடைந்துவிடும். விலை, சீட்டுப் பணத்தை முழுசாக விழுங்கிவிடும். மூன்றாவது அவலட்சணம். கறுப்புப் பெயின்ட் அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தது, பிளாஸ்டிக் பிடியில் அச்சுக் கோடு துருத்திக்கொண்டு நின்றது. குழலை மடக்கி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். விலை மற்றதில் பாதிக்கும் குறைவு. ஆனால் மடக்கிய குழல் திரும்பப் பூட்டியபோது மயிரிழை ஆட்டமும் இல்லை. குறிமுனைத் திருகு ஒவ்வொரு பல்லுக்கும் தெளிவாகச் சொடுக்கியது. விரலால் இழுக்கும் விசை கொஞ்சம் கனம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விட்டது. டார்ச்சை வாங்கிக் குழலுக்குள் அடித்துப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்த லென்ஸை எடுத்துத் திருகுகளின் தலையைப் பார்த்தேன். டீ ஆறிப்போனது.

"அண்ணே, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டு நேரம் உத்துப் பாக்க மாட்டாங்க" என்றார் பாய்.

"பொண்ணுக்கு வாய் இருக்கு பாய், ஏதாச்சும்னா அதுவே சொல்லிரும்" என்றார் மதினி. "இது சொல்லாதுல்ல."

பாய் சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிறு இரண்டையும் கிளப்புக்கே கொண்டுவருவதாகவும், சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வேறு யாருக்கும் இந்தச் சலுகை கிடையாதாம்.

அந்த ஒரு வாரத்தில் நானும் அண்ணனும் திட்டம் போட்டோம். அண்ணன் திருநகரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எந்த மோட்டார் வந்தாலும் முதலில் வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில் வைத்து இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் பார்ப்பார். ஆடுகிற பொருளைச் சோதிக்க முடியாது என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகவே பட்டது. மனுசன் கை நடுங்கும், மூச்சு வாங்கும், மனசு வேறெங்கோ போகும். குண்டு தள்ளிப் பட்டால் தப்பு துப்பாக்கி மேலா, கை மேலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையை எடுத்துவிட்டு இரும்பை வைத்தால் விடை தானாக வரும்.

கிளப் கீழக்குயில்குடி போகிற வழியில் இருக்கிறது. நீளமான தகரக் கொட்டகை, சுடும் வரிசையில் நின்றால் பக்கவாட்டில் சமணர் மலை. அண்ணன் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் இருந்து, சாக்கில் சுற்றிய வைஸை மூச்சுப் பிடித்து இறக்கி மேசையில் வைத்தார். மேசை முனகியது.

"என்னண்ணே, துப்பாக்கிக்கு எலும்பு முறிஞ்சிருச்சா?" என்றார் பாய்.

நான் விளக்கினேன். பாயும் யோசித்துப் பார்த்துவிட்டு, நியாயமான ஏற்பாடுதான் என்று தலையாட்டினார். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அவர் தலையாட்டவே இல்லை என்று சாதித்தார்.

துப்பாக்கிக்குக் கீறல் விழாமல் சைக்கிள் டியூபைச் சுற்றி, மரப்பிடிக்காரனை முதலில் பூட்டினோம். வரிசையாகச் சுட்டேன். அட்டையை எடுத்து வந்து பார்த்தால் எல்லாத் துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்தின் கீழே மறைந்தன. அடுத்தது கறுப்பு. புது ஸ்பிரிங் துப்பாக்கி கொஞ்ச நேரம் எண்ணெய்ப் புகை விடும், அது அடங்கும் வரை சும்மா சுட்டுத் தீர்த்தேன். அதற்குப் பிறகும் துளைகள் கடுகை வீசி எறிந்த மாதிரி விழுந்தன. வைஸை இன்னும் இறுக்கினோம். இன்னும் மோசமானது.

"வெலைக்கு ஏத்த சாமான்" என்றார் அண்ணன்.

எனக்கு உள்ளூரச் சின்ன வருத்தம், அந்தக் கறுப்பின் குறிமுனைத் திருகு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அட்டை அட்டைதான். மரப்பிடியை வாங்கிவிடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டியூபை அவிழ்க்க ஆரம்பித்தேன். மதினி அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் கொஞ்சம் சுட்டுப் பாக்கலாமா?" என்றார். "இல்ல, போட்டிக்கு இந்த வைஸுதான் போகுதா?"

பாய் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

மதினி மரப்பிடியை எடுத்தார். முதல் அட்டையில் எல்லாம் இடது பக்கம். குறிமுனையைத் திருத்திக் கொடுத்தேன். அடுத்த அட்டையிலும் பாதி இடது பக்கம், மீதி எங்கெங்கோ. மூன்றாவது அட்டை முடிந்ததும் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்து விரித்து மூடினார். அப்போதுதான் நான் அவர் கையைப் பார்த்தேன். அத்தனை பார்த்தவன் அதை மட்டும் பார்த்திருக்கவில்லை. அந்தப் பிடி அண்ணன் மாதிரி ஆளின் கைக்குச் செதுக்கியது. மதினியின் விரல் நுனி மட்டும்தான் விசையை எட்டிற்று. அந்த நுனி ஒவ்வொரு முறையும் விசையைப் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளியது. மரத்தைக் குடைந்து சிறிதாக்கலாம், ஆனால் அதற்கு ஆளும் நாளும் வேண்டும். தவறாகக் குடைந்தால் வாங்கியதே வீண்.

அவர் கறுப்பை எடுத்தார். குண்டு வீண் என்றேன். காதில் விழுந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அட்டை திரும்பி வந்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். துளைகள் கறுப்பு வட்டத்துக்குள் கூட்டமாக இருந்தன. தற்செயல் என்று வேறு அட்டை மாட்டினேன். மறுபடியும் அதே மாதிரி. நான் வாங்கிச் சுட்டேன். நான் சுடுவது சுமார்தான், ஆனால் வைஸைவிட நன்றாகச் சுட்டேன். மறுபடி வைஸில் பூட்டினேன், மறுபடி கடுகு. கடைசியில் வைஸைத் தள்ளிவிட்டு, ஒரு துண்டை மடித்து வைத்து அதன் மேல் கையைத் தளர்வாக வைத்துச் சுட்டேன். துளைகள் நல்ல பிள்ளைகளாக ஒன்றுசேர்ந்தன.

விஷயம் இதுதான். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு உள்ளே ஒரு கனமான துண்டு முன்னால் பாய்கிறது, குண்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கியே ஒரு குதி குதிக்கிறது. கையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குதிக்கும். இறுக்கிப் பூட்டினால் குதிக்க வழியில்லாமல் வைஸையும் மேசையையும் சேர்த்து உதறும், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. மரப்பிடிக்காரனுக்குள் காற்று மட்டும்தான், அதற்குக் கட்டிப்போட்டாலும் கவலையில்லை. கையைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நானும் அண்ணனும் பெருமைப்பட்டோமே, எடுக்கக் கூடாத ஒன்றைத்தான் எடுத்திருக்கிறோம்.

"அதைக் கட்டிப்போட்டு அடிச்சா அது என்னதான் செய்யும்?" என்றார் மதினி, கறுப்பைத் தடவிக்கொண்டே.

கறுப்பையே வாங்கினோம். மிச்சப் பணத்தில் நல்ல குண்டுகளாக நாலு டப்பா. மலிவு டப்பாவில் ஓரம் நசுங்கியவை நிறைய இருந்ததை லென்ஸில் பார்த்திருந்தேன். நல்ல டப்பாவையும் விடாமல் சலித்து, நசுங்கியதைப் பொறுக்கி எறிந்தேன். பிடியை அண்ணன் பார்த்துக்கொண்டார். தண்ணீர்க் குழாய் ஒழுகலை அடைக்கும் பிசினை அதன் மேல் அப்பி, மதினியின் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவி, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, காயும் வரை டி.வி. பார்க்க வைத்தார். ஐந்து விரலும் அச்சாகப் பதிந்தன. போட்டி விதியில் துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று இருக்கிறது. அதே அளவில் அட்டைப்பெட்டி செய்து வைத்துப் பார்த்தேன், அடங்கியது.

போட்டியன்று பிடியைப் பார்த்த பாய், ஆறிப்போன கேப்பைக் களியை அகப்பையில் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்றார். சோதனை மேசையில் இருந்த இளைஞர் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். விசையில் அரைக்கிலோ எடையை மாட்டித் தூக்கினார். விசை அதைத் தாங்க வேண்டும், தானாக விடக் கூடாது. தாங்கியது. மலிவுத் துப்பாக்கியின் கனத்த விசைக்கும் ஒரு உபயோகம் இருக்கிறது. பிறகு பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க மேடம் வாங்கினீங்க?"

"வீட்டுக்காரர் பூசுனது" என்றார் மதினி. இளைஞர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

நான் பின்வரிசையில் பைனாகுலருடன் உட்கார்ந்தேன். அண்ணனால் உள்ளே இருக்க முடியவில்லை, ஸ்கூட்டரில் ஏதோ சத்தம் வருகிறது பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டார். ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தது.

முதல் அட்டைகள் சரியில்லை. போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது என்பது எனக்கு நினைவிருந்தது. மதினி துப்பாக்கியை மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளங்களில் பொருத்தினார், சுண்டுவிரல் கடைசி. இறுக்கவில்லை, முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்தார். அதன் பிறகு குண்டுகள் உள்ளே போய் உட்கார ஆரம்பித்தன. பக்கத்து வரிசைகளில் வழவழப்பான துப்பாக்கிகள் சத்தமில்லாமல் சுட்டன. இவருடையது மட்டும் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம் போட்டது.

அட்டைகளை எண்ணி முடித்து மதிப்பெண் பலகையில் ஒட்டினார்கள். தொட வேண்டிய மதிப்பெண்ணைத் தொட்டு, அதற்கு மேலும் இரண்டு இருந்தது. மதினி பலகையின் முன்னால் நின்று கூட்டலை மனசுக்குள் ஒரு தடவை சரிபார்த்தார். வணிகவியல் ஆசிரியை, சும்மா விடமாட்டார். பிறகு வெளியே போய் அண்ணனிடம், "ஸ்கூட்டர் சரியாயிருச்சா? மாநிலப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். அண்ணன் கையிலிருந்த துணியை ஸ்கூட்டர் சீட்டிலேயே போட்டுவிட்டுச் சிரித்தார்.

ஆண்கள் மூத்தோர் பிரிவில் பாய் தன் பழைய கார் விலைத் துப்பாக்கியோடு சுட்டு, ஒரே ஒரு புள்ளியில் தவறவிட்டிருந்தார். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"அண்ணே, அந்த வைஸு இப்ப சும்மாதான கெடக்கு?"

"ஆமா, ஏன்?"

"என் துப்பாக்கி கட்டிப்போட்டாலும் நேரா சுடும். அடுத்த வருசம் நான் பெஞ்சுல உக்காந்துக்கிறேன், அந்த வைஸு எம் பேருல சுடட்டும்."

"என்ட்ரி அட்டையில அதுக்கு போட்டோ கேப்பாங்களே பாய்" என்றார் மதினி.