கருவாட்டுக்காரம்மா கேட்ட கேள்வி

மார்பகப் புற்றுநோய்க்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தொடர்பு என்று ஆராய வந்த குழுவோடு, செய்திக்காகத் தூத்துக்குடி கடற்கரைக்குப் போயிருந்தேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் ஆய்வாளப் பெண் கேள்வித்தாளை விரித்தார். அந்த அம்மா பதில் சொல்லியபடியே காக்கைகள் மீது சிப்பி ஓடுகளை எறிந்தார். பேச்சும் நிற்கவில்லை, குறியும் தப்பவில்லை.

“ஆலைக்குப் பக்கத்துலயா குடியிருக்கீங்க?”

“ஆலைதான் எங்க பக்கத்துல குடிவந்திருக்கு. அதுகிட்டப் போயிக் கேளும்மா.”

பத்துப் பக்கம் முடிந்ததும் அவரே ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார்.

“ஈ மொய்க்காம இருக்க இந்தப் பூச்சிமருந்துப் பொடியத் தூவுதோம், வெறுங்கையால. வீட்டுக்கு எடுக்குறதுல மட்டும் தூவ மாட்டோம். இத நீ கேக்கவே இல்லியே? என் தங்கச்சிக்கு மார எடுத்தாச்சு. அவளும் இதத்தான் தூவுனா. இதாலயா வந்துச்சு?”

“ஒருத்தங்கள வச்சுச் சொல்ல முடியாதும்மா. நிறையப் பேர் வேணும்.”

அவர் எழுந்து, தள்ளி வேலை செய்த பெண்களை அழைத்தார்.

“ஏளா, எல்லாரும் டப்பாவோட வாங்க. எங்க வீட்டு நோவு மட்டும் போதாதாம்.”

வந்தார்கள். ஆய்வாளப் பெண் புதிய கேள்வியைத் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். நான் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன்.

“பேரப் போட்டா எங்க கருவாட்ட எவன் வாங்குவான்?”

போடவில்லை. அவர் கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று குழுவிடம் அவ்வப்போது விசாரிக்கிறேன். இன்னும் ஆள் போதவில்லையாம்.