ஒரே ஒரு கைதட்டல்

சேர்த்து வைத்த லீவையெல்லாம் போட்டு, நானும் மனைவியும் பசிபிக் கடலில் எரிமலைத் தீவுகளைச் சுற்றிக் காட்டும் சின்னப் படகில் போனோம். ஒரு தீவை நெருங்கியபோது, கறுப்புப் பாறையில் ஒரு கடற்பறவை சிறகை விரித்துத் தன் குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

சத்தம் போடக் கூடாது என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். எனக்கோ அது பறக்கிற படம் வேண்டும். கேமரா மனைவி கையில் இருந்தது.

"வேண்டாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள்.

என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒரே ஒரு தடவை கை தட்டினேன். பறவை எழும்பியது. அவளும் படம் எடுத்துவிட்டாள். அடுத்த நொடி, மேலிருந்து பெரிய கரும்பறவை ஒன்று பாய்ந்து குஞ்சைக் கவ்விக்கொண்டு போனது.

"யார் தட்டியது?" என்று வழிகாட்டி கேட்டார். படகில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நானும் அவர்களைப் போலவே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மனைவி கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள்.

புனே திரும்பியும் நாங்கள் அதைப் பேசியதில்லை. போன வருடம் மகர்பட்டா பகுதியில், எங்கள் குடியிருப்பின் கணபதி பூஜையில் ஆரத்திப் பாட்டின் தாளத்துக்கு எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் நின்ற மனைவி சட்டென்று அண்ணாந்து பார்த்தாள். மேலே பந்தல் துணிதான் இருந்தது.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.