மூன்று மில்லிமீட்டர் பிடிவாதம்

வெட்டி முடிந்த கட்டைகளை எல்சிரா முதலில் மோந்து பார்ப்பாள். கருகல் வாசம் குறைவாக இருந்தால் முகம் சுளித்து, "இன்னும் கொஞ்சம் சூடா போங்க, ஐயா" என்று லேசர் இயந்திரத்திடம் சொல்வாள். அர்ஜென்டினாவின் ஹூனின் ஊரிலுள்ள பொதுப்பட்டறையில் அவள் வாயால் 'நீங்க' என்ற மரியாதை கிடைப்பது அந்த இயந்திரம் ஒன்றுக்குத்தான். மற்றவர்கள் எல்லாரும் 'நீ'. மேயரே வந்தாலும் அப்படித்தான்.

அவள் வெட்டுவது ஸ்லீப்பர் கட்டைகள், தீக்குச்சியை விடக் குட்டையானவை. மாதிரி ரயிலின் தண்டவாளம் உட்காருவதற்கு ஒவ்வொன்றிலும் மெல்லிய பள்ளங்கள் இருக்கும். லேசர் போகிற வழியில் மயிரிழை அளவு மரத்தைத் தின்றுவிடும்; அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தண்டவாளம் ஆடும். ஆகவே எதையும் முதலில் பிஸ்கட் டப்பா அட்டையில் வெட்டிப் பார்ப்பாள். "அட்டைக்காகத்தான் திங்கிறேன், ருசிக்கு இல்ல" என்பாள். அவள் இடுப்பைப் பார்த்தவர்கள் நம்புவதில்லை.

ஓடும் லேசரை விட்டு நகரக் கூடாது என்பது பட்டறை விதி. எல்சிரா நகர மாட்டாள், ஆனால் மாத்தே என்ற இலைத் தேநீரின் குடுவையும் கூடவே நிற்கும். பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் யானினா தொலைவிலிருந்தே கத்துவாள்: "எல்சிரா, மிஷின் மூடி மேல குடுவையா?"

"நான் வைக்கலடி. அவருதான் கொஞ்சம் பிடிச்சுக்கறேன்னாரு."

வார நாட்களில் அவள் பேருந்து நிலையத்தில் சீட்டு விற்கிறாள். சனிக்கிழமை வந்தால் ரயில். "சோறு போடுறது பஸ்ஸு. அதுக்காக அதைப் போய்க் காதலிக்க முடியுமா?"

அர்ஜென்டினாவின் பெரிய ரயில்பாதைகள் அகலமானவை. தமிழ்நாட்டின் அகலப் பாதைக்கும் அதே அளவுதான். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ ஐரோப்பாவின் குறுகிய பாதையைப் பார்த்துச் செய்தது. ஊரின் மாதிரி ரயில் சங்கத்தார் அதையே வாங்கிப் பரப்பி, உள்ளூர் நிறம் பூசிய வண்டிகளை ஓட்டி மகிழ்கிறார்கள். மாதிரி அளவில் வித்தியாசம் மூன்று மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. எல்சிராவால் அதைத் தாங்க முடியாது. "சட்டை நம்மளுது, காலு அடுத்தவனுது" என்பாள். சரியான அகலம் எந்தக் கடையிலும் இல்லை. அதனால்தான் லேசர்.

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் எல்லா உறுப்பினர்களின் தண்டவாளப் பலகைகளையும் ஒன்றோடொன்று கோத்து ஒரே நீளப் பாதையாக்குவார்கள். எத்தனையோ சனிக்கிழமைகளை விழுங்கிய எல்சிராவின் பலகைக்கு இந்த முறை ஆபத்து வந்தது. சங்கத் தலைவர் எரிபெர்த்தோ, சந்தைத் தெருவில் ஆணி, பூட்டு விற்பவர், பட்டறைக்கே நேரில் வந்தார்.

"சங்க வண்டி எல்லாப் பலகை மேலயும் ஓடணும். ஓடலன்னா மண்டபத்துல இடமில்ல. விதி அது. கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணை மாத்து, பொத்தானை அமுக்கு, வேலை முடிஞ்சுது. மூணு மில்லிமீட்டர் யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியலன்னா கண்ணாடிய மாத்து, கிழவா. தண்டவாளத்த எதுக்கு மாத்தணும்?"

அவர் போன பிறகு அவளுக்கு அழுகை வந்தது நிஜம். ஆனால் ஆத்திரம் அதைவிட வேகமாக வந்தது. பிஸ்கட் பெட்டி ஒன்றைக் காலி செய்துவிட்டு வரைபடத்தைத் திறந்தாள்.

அடுத்த சனிக்கிழமை எரிபெர்த்தோ தன் வண்டியோடு வந்தார். பலகையில் வைத்தார். அது தடுக்காமல் அந்த முனை வரை ஓடியது.

"அப்படி வா வழிக்கு!" என்று சிரித்தவர், குனிந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். கட்டைகளில் இரண்டுக்குப் பதில் மூன்று தண்டவாளங்கள். ஒரு பக்கம் எல்லா வண்டிக்கும் பொது. மறுபக்கம் இரண்டு. உள்ளே இருந்தது சங்க வண்டிக்கு. அதை ஒட்டி, இடையில் ஒரு தீக்குச்சி நுழையும் இடம் மட்டும் விட்டு, வெளியே இருந்தது எல்சிராவுடையது.

"விதி என்ன? சங்க வண்டி ஓடணும். ஓடிச்சா இல்லையா?"

"ஓடிச்சு."

"அப்ப என்ன?"

எரிபெர்த்தோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கே, எல்சிரா! நம்மளுது எவ்வளவு குறுகல்னு ஊரே பாத்துடுமே."

"பாக்கட்டும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, இடம் தரேன். ஒண்ணே ஒண்ணு செய். அந்த வெளித் தண்டவாளத்துக்கு மட்டும் துரு நிறம் அடிச்சிடு. வண்டி ஓடாத பழசுன்னு ஜனங்க நினைச்சுப்பாங்க."

யானினா தன் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். வண்டி ஓடும் தண்டவாளம் தேய்ந்து பளபளக்கும், கைவிட்டது துருப்பிடிக்கும். ரயிலால் வளர்ந்த ஹூனினில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்சிரா மேசை இழுப்பறையிலிருந்து மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரை எடுத்தாள். பலகையின் இந்த முனையில் குனிந்து, அந்த வெளித் தண்டவாளத்தை மட்டும் பளபளவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.