ஜும்மாவுக்கு முன்னால் வந்த போன்

எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு மனித உரிமைகள் பாடம் நடத்தும்போது ஒரு வரியை மட்டும் நான் வேகமாகக் கடந்துவிடுவேன். தன் சொந்த நாட்டுக்குத் திரும்பி வர எவருக்கும் உரிமை உண்டு என்கிற வரி. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து ஒரு மதிப்பெண் வாங்கிக்கொள்வார்கள். எனக்கோ அதைப் படித்தாலே குற்றாலத்து மெயினருவி காதுக்குள் இரைய ஆரம்பித்துவிடும்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. கடையநல்லூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். என் வாப்பாவும் அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்தார். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கித் தன் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதாக ஒருமுறை போனில் சொன்னார். என் வாப்பாவின் பொருளை ஒரு அரபி தன் பெட்டியில் வைத்துக் காவல் காக்கிறாராமே! எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன். உம்மா மட்டும் அதை வெளியே பேசாதே என்று அதட்டினாள்.

அந்த வருடம் சாரல் தொடங்கிய நாட்களில் அந்த நாட்டில் சண்டை மூண்டது. டிவியைப் போட்டால் புகையும் ஓட்டமுமாக இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா தொழுதுவிட்டு வாப்பா போன் பண்ணுவார். நம் கணக்குக்கு மூன்று மணி ஆகும். இரண்டு வெள்ளி போன் வரவில்லை. உம்மா தட்டில் போட்ட சோற்றை அளைந்துகொண்டே இருப்பாள். மூன்றாவது வெள்ளியன்று காலையில் மாமா, அதாவது உம்மாவின் தம்பி, டிவியை அணைத்தார். இப்படியே கிடந்தால் பைத்தியம்தான் பிடிக்கும், அருவியில் தலையைக் காட்டிவிட்டு மூன்று மணிக்குள் வந்துவிடலாம் என்று எங்களைக் கிளப்பினார். எங்களைக் குற்றாலத்தில் இறக்கிவிட்டு, தொழுகைக்காக அவர் தென்காசிப் பள்ளிவாசலுக்குப் போனார்.

அருவியில் யார் குளித்தாலும் ஒருவர் பையோடு வெளியே நிற்க வேண்டும். அன்று அது என் பாடு. மாற்றுத்துணி, சீப்பு, உம்மாவின் பட்டன் போன் எல்லாம் பைக்குள். இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில், யார் கூப்பிட்டாலும் நகராதே என்று சொல்லிவிட்டு உம்மா பெண்கள் வரிசைக்குள் நுழைந்தாள். நான் முதலாளி மாதிரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

மணி ஒன்று இருக்கும். பை அதிர்ந்தது.

எடுத்தேன். வாப்பாவின் குரல்தான். ஆனால் நான் நின்றது அருவிக்குப் பக்கத்தில். ஒரு கூட்டமே சேர்ந்து கத்தினாலும் கேட்காத இடம். வாப்பா அவசரமாக, விடாமல் பேசிக்கொண்டே போனார். நடுவில் ‘பீரோ’ என்று ஒரு சொல் மட்டும் விழுந்தது. பத்தடி தள்ளிப் போயிருந்தால் கேட்டிருக்கும். கம்பியை விட்டு நகர எனக்குப் பயம். சரி வாப்பா, சரி வாப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டென்று லைன் போய்விட்டது.

ஈரத்தலையோடு வந்த உம்மாவிடம் போன் வந்தது என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, வாப்பா என்ன சொன்னாங்க?”

கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடி விழும் என்று நினைத்தேன். அதைவிட, உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நல்லா இருக்காங்களாம்” என்றேன்.

“இம்புட்டு சீக்கிரமா? ஜும்மாகூட ஆயிருக்காதே.”

“தொழப் போறதுக்கு முந்தி பேசினாங்களாம்” என்று கூசாமல் அடுத்ததையும் சொன்னேன்.

உம்மா அழுதாள், சிரித்தாள், என்னை முத்தமிட்டாள். திரும்பக் கூப்பிடலாம் என்றால் போனில் நம்பரே விழவில்லை. அன்று வீட்டுக்கு வந்து, மூன்று வாரத்தில் முதல்தடவையாக வயிறாரச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பீரோ இருந்த அறைப் பக்கமே நான் போகவில்லை.

அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் போன் வரவில்லை. இருபது நாள் கழித்து அச்சன்புதூர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். வாப்பா இருந்த ஊரிலேயே வேறு கம்பெனியில் வேலை பார்த்தவர். பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருந்ததால் கிளம்பி வந்துவிட்டார். வாப்பாவின் முதலாளி அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு வெளிநாடு ஓடிவிட்டாராம். வேலையாட்களைக் கம்பெனிக் காவலாளிகள் ஒரு கொட்டகையில் அடைத்து, வாசலைத் தாண்ட விடவில்லையாம்.

“அக்கா, அண்ணாச்சி போன்ல சொல்லலியா? பீரோவுல பாஸ்போர்ட் ஜெராக்ஸ் இருக்கு, அத எம்பசிக்கு அனுப்புனாத்தான் வெளிய வர முடியும்னாங்களே. வேலி வழியா நான் குடுத்த போன்லதான பேசுனாங்க.”

உம்மா பீரோவைத் திறந்து புடவைகளை வாரிக் கீழே போட்டாள். காகிதம் அடியில் இருந்தது. மாமா அதை வாங்கிக்கொண்டு தென்காசி இன்டர்நெட் சென்டருக்கு ஓடினார். நல்லா இருக்கேன்னு சொல்லத் தெரிஞ்ச மனுசனுக்கு இதைச் சொல்லத் தோணலியே என்று உம்மா வாப்பாவைத் திட்டித் திட்டி அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாப்பா இனி வரவே மாட்டார், அதற்கு நான்தான் காரணம் என்று எனக்குத் தெரிந்தது. காய்ச்சலே வந்துவிட்டது.

அடுத்த மாதம் வாப்பா வந்துவிட்டார். கன்னம் ஒட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. சாப்பாடு பரிமாறும்போது உம்மா அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

“அன்னைக்குப் பிள்ளைகிட்ட பேசுனீங்கள்லா, ஜெராக்ஸ் விசயத்தச் சொன்னா என்ன?”

வாப்பா பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மறந்துட்டேன்” என்றார்.

அந்த மறதியை உம்மா இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். வாப்பாவும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அன்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. வாப்பா நிஜமாகவே மறந்துதான் போயிருக்கிறார், என் மேல் தப்பே இல்லை என்று நம்பி, நான் தெருவுக்கு விளையாட ஓடினேன்.